நெய் சுமப்பவன் யார்?

தோழனே!

கார்த்திகைத் திங்களிலே, 2,668 அடி உயர மலையின் உச்சியிலே நெருப்பு எரிகிறது. ஊர் திரள்கிறது, உலகு திரள்கிறது, கரங்கள் குவிகின்றன. "பகுத்தறிவுப் பாசறையிலே வளர்ந்தவனுக்கு அண்ணாமலைத் தீபத்திலே என்ன அக்கறை?" என்று கேட்பாய். சோதியைப் பார் என்று சொல்ல வரவில்லை நான்; அதைச் சுமந்தவனைப் பார் என்கிறேன்! கொப்பரையைத் தோளிலே தூக்கி மலையேறுவோர், பருவதராச குலத்தார் எனப்படும் மீனவ மக்கள். ஒரு நாளோடு முடிகிறதா அந்த வேலை? பதினொரு நாள் எரிய வேண்டுமே நெருப்பு! நெய்யும் திரியும் மேலே போய்க்கொண்டே இருக்க வேண்டுமே! முதல் நாள் கூடிய கூட்டம் பதினோராம் நாள் இருப்பதில்லை, சுமப்பவன் இருக்கிறான்.

இதை மனத்திலே வைத்துக்கொள். இன்று நான் பேசப் போவது கணிப்பொறியைப் பற்றி. விஞ்ஞானிகள் தம் ஆய்வுக்கென எழுதி, எவரும் எடுத்தாளலாம், எவரும் திருத்தலாம் என்று மூலநிரலைத் திறந்து வைத்திருக்கும் மென்பொருள்களைப் பற்றி. "கல்லூரியைப் பாதியிலே விட்டு நாடக மேடைக்கு ஓடியவனுக்கு ஏனிந்த வேலை?" என்பார் சிலர். திரை விழுந்த பிறகு, தட்டியும் விளக்கும் வண்டியிலே ஏற்றுகிறவன் யார் என்பது நாடகக்காரனுக்குத் தெரியும். இந்தக் கட்டுரைக்கு அந்தப் படிப்புப் போதும்.

நம் மாவட்டத்து ஜவ்வாது மலைத் தொடரிலேதான், சற்று வடக்கே, காவலூர் வானாய்வகம் இருக்கிறது. 1977 மார்ச் 10 அன்று, யுரேனஸ் கோளைச் சுற்றி ஏதோ இருக்கிறது என்பதற்கான அடையாளத்தை உலகிலே கண்ட சில இடங்களுள் அது ஒன்று. 1986 சனவரி 6-இல், இந்நாட்டிலேயே உருவான 2.34 மீட்டர் தொலைநோக்கி அங்கே திறக்கப்பட்டது; அதற்காக உழைத்த வைணு பாப்பு 1982-லேயே மறைந்துவிட்டார். பெருமைதான், மறுக்கவில்லை. ஆனால் தொலைநோக்கி தருவது என்ன? எண்கள், தோழனே, எண்கள்! கருவியின் குறையைக் கழித்து, வானத்தின் வெளிச்சத்தைக் கழித்து, விண்மீனின் ஒளியை மட்டும் பிரித்தெடுக்க ஒரு மென்பொருள் வேண்டும். 'ஐராஃப்' என்பது அதன் பெயர். அமெரிக்காவின் டூசான் நகரத்து ஆய்வகம் ஒன்றிலே 1981-இல் தொடங்கப்பட்டது. காவலூர் முதல் சிலி வரை வானியலார் அதை நம்பினர்.

2010-களிலே அந்த ஆய்வகம் கைகழுவியது! வல்லரசின் நிறுவனம், வளமான நிறுவனம், போதும் என்றது. மென்பொருள் மாண்டதா? இல்லை. அதைப் பயன்படுத்தி வந்தோர் சிலர் கூடினர், உரிமைத் தடையுள்ள பகுதிகளைக் களைந்தனர், புதிய கணிப்பொறிகளிலும் ஓடும்படி செப்பனிட்டனர், இன்றும் நடத்துகின்றனர். நிறுவனம் விட்டதை நெய் சுமப்பவன் விடவில்லை.

இன்னொன்று கேள். 'நம்பை' என்றொரு கணித நூலகம் — பெயரைக் கேட்டால் 'நம் பை' போல ஒலிக்கிறது. பை நமதா என்பதைப் பிறகு பார்ப்போம். 2006-இல் அதன் முதல் முழுப் பதிப்பு வந்தது. 2019 ஏப்ரலில் கருந்துளையின் முதற்படம் வெளியானபோது உலகமே வியந்ததே, அந்தப் படத்தைக் கணித்தெடுத்த கருவிகளின் அடித்தளத்திலே இருந்தது இந்த நம்பைதான். அதைப் பேணுவதற்கென்று முதன்முதலாக நிதி கிடைத்தது எப்போது தெரியுமா? 2017-இல்! பதினோராண்டு காலம், உலக விஞ்ஞானம் ஏறி நின்ற தோள்களுக்குக் கூலி கிடையாது. இரவு உறக்கத்தை விற்று எழுதினார்கள், பல்கலைக்கழகங்களோ, "கட்டுரை எத்தனை?" என்று கேட்டனவேயன்றி, "நிரல் எத்தனை?" என்று கேட்கவில்லை.

'மேட்பிளாட்லிப்' என்ற வரைபடக் கருவியைத் தொடங்கிய ஜான் ஹன்டர், வலிப்பு நோயாளர்களின் மூளை அலைகளை ஆராய்ந்தவர். 2012-இல் புற்றுநோய் அவரைக் கொண்டுபோயிற்று, வயது 44. கருவியோ அவரோடு போகவில்லை. அவர் இருந்தபோதே, தம்மைப் போல் அதை அறிந்தவர்களை வளர்த்திருந்தார். தலைவன் இருக்கும்போதே தளபதிகள் உருவாக வேண்டும் என்பதை நமக்கா சொல்ல வேண்டும்?

"இலவசந்தானே, எளிதிலே கிடைப்பதுதானே" என்று ஏளனம் பேசுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஏழை மாணவனுக்கு எதைக் கொடுத்தாலும் இதே பாட்டைத்தான் பாடுகிறார்கள் இவர்கள். ஆங்கிலத்திலே விலையின்மைக்கும் விடுதலைக்கும் ஒரே சொல், குழம்பட்டும் அவர்கள். தமிழிலே இலவசம் வேறு, கட்டற்றது வேறு. விலைகொடுத்து வாங்கும் மேட்லேபைக் கல்லூரியிலே கற்கும் ஆரணித் தறிக்காரர் மகள், கல்லூரிப் படியை விட்டு இறங்கியதும் அதை இழக்கிறாள். கட்டற்ற சைலேபைக் கற்றவளின் கல்வி அவளோடு வீடு வருகிறது. எது மலிவு?

ஏளனக்காரனை விடு, நம்மை நாமே கேட்போம். 2011 முதல் மாணவர் கைகளுக்கு வந்த மடிக்கணினிகளிலே — எந்த ஆட்சி கொடுத்தது என்ற வழக்கு இன்று வேண்டாம் — விண்டோசோடு, சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்சும் இருந்தது. அதைத் திறந்து காட்ட ஊருக்கு ஓர் ஆளையாவது அமர்த்தினோமா? பெட்டியைக் கொடுத்தோம், கூட்டத்தைக் கட்டவில்லை. கூட்டம் கட்டத் தெரியாதவர்களா நாம்? 1935-இல் குடியரசு ஏட்டிலே பெரியார் எழுத்தைத் திருத்தினார்; அரசு ஏற்றது 1978-இல். இடையிலே 43 ஆண்டு! அத்தனை காலமும் அந்த எழுத்தைக் காத்தது அரசாணையா? அச்சுக்கோப்பவனின் விரல்! கேலிக்கிடையே அதைப் படித்துக் காட்டிய படிப்பகத்துத் தோழனின் நாக்கு!

கருவறைக்குள் நுழையாதே என்றவர்களோடு தலைமுறை தலைமுறையாக மல்லுக்கு நிற்கிறோம். இங்கே மூலநிரலின் மூலத்தானம் திறந்தே கிடக்கிறது. நுழைய ஆளைக் காணோம்! நுழைந்தவர் இல்லாமல் இல்லை. சென்னை ஐ.ஐ.டி.யில் ஆய்வு மாணவராக இருந்த பிரபு ராமச்சந்திரன், காற்றின் ஓட்டத்தையும் கண்ணால் காணும்படி எண்களை உருவங்களாக்கும் 'மாயாவி'யை 2001-இல் உலகுக்குத் தந்தார். மும்பை ஐ.ஐ.டி.யின் ஃபாசி திட்டம், பாடநூல் கணக்குகளைக் கட்டற்ற மென்பொருளிலே செய்து தரும் மாணவருக்கு மதிப்பூதியம் கொடுத்தது. அங்கிருந்தே தமிழிலும் பேசும் பாடங்கள் வந்தன. 2012 சனவரியிலே கணியம் மின்னிதழ் தமிழிலே இதையெல்லாம் பேசத் தொடங்கியது. விரல்விட்டு எண்ணலாம் என்பதுதான் என் வருத்தம்.

கூட்டம் என்றதும் கும்பலை நினைக்காதே. தீபத் திருவிழாத் தேரை ஆயிரம் பேர் இழுக்கிறார்கள். சக்கரத்தடியிலே முட்டுக்கட்டை போடுகிறவன்தான் அதை வீட்டுச் சுவரிலே மோதாமல் திருப்புகிறான். "முட்டுக்கட்டை" என்று நாம் வசைபாடும் சொல் அவனுக்கு வாழ்க்கைத் தொழில். வருகிற நிரலையெல்லாம் படித்து, இது தகும், இது தகாது என்று சொல்லும் காப்பாளனும் அப்படியே. ஆயினும், முதன்முறை வந்த இளைஞனைச் சீறித் துரத்தும் காப்பாளர்களும் உண்டு. ஆங்கிலம் தடுக்கியவனை அறிவு தடுக்கியவனாகப் பார்ப்போரும் உண்டு. அது புதுப் பூணூல். அதையும் அறுத்தாக வேண்டும்.

ஆகவே மாவட்ட மாநாட்டுக்கு நான் தரவிருக்கும் தீர்மானம் இது. அரசுக் கல்லூரி மாணவன் ஒரு விஞ்ஞான மென்பொருளிலே பிழை கண்டு திருத்தினால், தமிழிலே விளக்கக் குறிப்பு எழுதினால், அது ஆய்வுத் திட்டமாக ஏற்கப்பட்டு மதிப்பெண் பெற வேண்டும். உரிமக் கட்டணமாக அரசு வெளியே கொட்டும் பணத்திலே ஒரு பங்கு, நாம் இலவசமாக எடுத்தாளும் மென்பொருள்களின் காப்பாளர்களுக்குப் போக வேண்டும். படிப்பகந்தோறும் வாரத்திலே ஒரு மாலை இதற்கென்று ஒதுக்கப்பட வேண்டும். ஆசிரியர் தோழர்கள் முறைவைத்து வர வேண்டும். முதல் மாதத்துக் கூட்டம் குறைந்த பிறகும் வர வேண்டும்.

முன்மொழிகிறவன் நான். வழிமொழிய வரும் தோழர், தாம் கண்ட ஒரு பிழையையேனும் தாளிலே குறித்துக்கொண்டு வரட்டும்.