தங்கத்துக்குத் தராசு உண்டு, தொழிலாளிக்கு?

கோலார் தங்கவயலின் சயனைடு மேடுகளில் இன்னும் தங்கம் இருக்கிறதாம். நூறாண்டுக்கு மேல் அரைத்துக் கொட்டிய கழிவு மண்ணைத் தோண்டியெடுத்து, டன்னுக்கு எத்தனை என்று சோதித்துக் கணக்கும் போட்டுவிட்டார்கள். மேடுகள் 13. நிலம் ஆயிரம் ஏக்கருக்கு மேல். மண் 3 கோடி டன்னுக்கு மேல். மத்திய சர்க்கார் கேட்டது. 2024 ஜூன் மாதம் கர்நாடக மந்திரிசபை சம்மதம் கொடுத்தது. இனி ஏலம், பிறகு கான்ட்ராக்டு, பிறகு புல்டோசர். வேலை வரும் என்கிறார்கள். வரட்டும். வேலை வேண்டாம் என்று சொல்லத் தங்கவயலில் யாருக்கு வசதி இருக்கிறது? 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கத்தை மூடிய நாளிலிருந்து, மாரிக்குப்பத்தில் இருட்டோடு வண்டி ஏறிப் பெங்களூருக்கு வந்து, மறுபடி இருட்டிய பிறகு வீடு சேருகிற ஜனங்கள் அவர்கள்.

ஆனால் ஒரு கேள்வி கேட்கிறோம். மேட்டிலே மிச்சமிருக்கும் தங்கத்தை அளந்தீர்களே, அந்தப் பாறையை உடைத்து அரைத்தவர்களின் நுரையீரலில் மிச்சமிருக்கும் தூசியை அளந்தீர்களா?

தங்கவயலில் தங்கம் தனியாகக் கிடைக்கவில்லை. வெங்கச்சங்கல் நரம்புகளில் ஒட்டிக் கிடந்தது. அந்தக் கல்லைத் துளைத்தால், வெடித்தால், மாவாக அரைத்தால், கண்ணுக்குத் தெரியாத சிலிகாத் தூள் பறக்கும். மூச்சோடு உள்ளே போன தூள் வெளியே வராது. நுரையீரல் தழும்பேறிக் கெட்டிப்படும். இதுதான் சிலிகோசிஸ். இதைக் குணப்படுத்த மருந்து இல்லை. வேலையை விட்டு நின்றுவிட்டாலும் நோய் நிற்பதில்லை. பத்து, இருபது வருஷம் கழித்துக்கூட வளர்ந்துகொண்டே போகும். காசநோயையும் கையோடு அழைத்து வரும். அதனால்தான் நம் லைன் வீடுகளில் எத்தனையோ பெரியவர்களின் மருந்துச் சீட்டில் டி.பி. என்று மட்டும் எழுதியிருக்கிறது. டி.பி. என்றால் அது ஏழையின் வியாதி, யாரும் பொறுப்பில்லை. சிலிகோசிஸ் என்று எழுதினால் அது தொழிலால் வந்த வியாதி. ஒருவர் நஷ்டஈடு கொடுக்க வேண்டும். ஒரு வார்த்தையில் இருக்கிறது சங்கதி.

இது தெரியாமல் நடந்ததல்ல. 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி துரைமார் வந்தார்கள். வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும், ஊரில் குடிக்கத் தண்ணீர்கூடச் சமமாகக் கிடைக்காத சேரி மக்கள் கூட்டம் கூட்டமாகப் போய்ப் பூமிக்குள் இறங்கினார்கள். சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்குக் கீழே போனது. அடியில் பாறையின் சூடு 60 டிகிரிக்கு மேல். 1940இல் மைசூர் சமஸ்தானமே சிலிகோசிஸ் நஷ்டஈட்டுக்கு விதிகள் செய்தது. அந்தப் பத்தாண்டில் 7,653 தொழிலாளர்களைப் பரிசோதித்தார்கள். நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் சிலிகோசிஸ்! இந்த நாட்டில் இந்த வியாதி முதன்முதலில் முறையாகக் கணக்கெடுக்கப்பட்டது நம்முடைய ஆட்களின் நெஞ்சில்தான். வெள்ளைக்காரன் காலத்தில் எண்ணினார்கள். சுதந்திர இந்தியாவில், சுரங்கம் பொதுத்துறைக்கு வந்து, நஷ்டம் என்று மூடப்பட்ட பிறகு, எண்ணுவதற்கு ஆள் இல்லை. சுரங்க விதிப்படி ஐந்தாண்டுக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனை இருந்தது. யாருக்கு? வேலையில் இருப்பவருக்கு. சுரங்கம் மூடினால் வேலை இல்லை, வேலை இல்லையென்றால் பரிசோதனை இல்லை, பரிசோதனை இல்லையென்றால் நோயாளி இல்லை. கம்பெனி ஆஸ்பத்திரியும் சுரங்கத்தோடு சேர்ந்து ஓய்ந்தது. மூடிய சுரங்கத்தின் சாவு எந்த ஆண்டறிக்கையிலும் வராது.

இப்படியிருக்கும்போது ஆண்டுதோறும் ஒரு நற்செய்தி வருகிறது: சுரங்க விபத்துகள் குறைந்து வருகின்றன!

குறைந்திருப்பது உண்மைதான். நாம் பொய் சொல்லி வாதாட வேண்டியதில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிலக்கரிச் சுரங்கங்களில் ஆண்டுக்கு ஆயிரம் பேருக்கு ஏறத்தாழ ஒருவர் செத்தார். இன்று பதிவாகும் விகிதம் அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. சட்டமும் இன்ஸ்பெக்டரும் தொழிற்சங்கமும் சேர்ந்து இதைச் சாதித்தார்கள். தன்பாதில் தலைமையகம் வைத்திருக்கும் சுரங்கப் பாதுகாப்பு இயக்குநரகத்தின் வேர் 1902இல் இருக்கிறது. இந்தச் சாதனையைக் காட்டித்தான் இப்போது அதே சட்டத்தையும் இன்ஸ்பெக்டரையும் தளர்த்துகிறார்கள் என்பது வேறு விஷயம். அதற்குப் பிறகு வருவோம்.

அவர்கள் அதிகம் விரும்பிக் காட்டும் அளவுகோல் இன்னொன்று: பத்து லட்சம் டன்னுக்கு எத்தனை சாவு. இந்தக் கணக்கைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். 1975-76இல் நாட்டின் நிலக்கரி உற்பத்தி சுமார் 10 கோடி டன். 2024-25இல் 100 கோடி டன்னைத் தாண்டிவிட்டது. செத்தவர்களில் ஒருவர்கூடக் குறையாவிட்டாலும் விகிதம் மட்டும் பத்தில் ஒன்றாகிவிடும். இன்று நிலக்கரியில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் திறந்தவெளிச் சுரங்கத்திலிருந்து, ராட்சத இயந்திரங்கள் அள்ளுவது. டன் பெருகியது இயந்திரத்தால்; அதன் நற்பெயர் போவது பாதுகாப்பு இலாகாவுக்கு. ரயில்வேயில் சரக்குக் கணக்கு எழுதுகிற நாங்கள் ஒன்று சொல்ல முடியும். வேகனில் அனுமதித்த எடைக்கு மேல் ஏற்றினால் தராசு காட்டிக் கொடுக்கும், அபராதம் உடனே விழும். கனிமத்தை ஏமாற்றி ஏற்றுவது கஷ்டம். தொழிலாளியைக் கணக்கில் ஏற்றாமல் விடுவது சுலபம்.

எப்படி விடுகிறார்கள்? விபத்தைத் தெரிவிக்க வேண்டியவர் யார்? சுரங்கத்தின் சொந்தக்காரரும் மானேஜரும்தான். 1952 சட்டப்படி, எலும்பு முறிவு போன்ற பெரிய காயம் இல்லையென்றால், 72 மணி நேரம் வேலைக்கு வர முடியாமல் போனால்தான் அது அறிவிக்க வேண்டிய காயமாக இருந்தது. கட்டுப் போட்ட கையோடு ஒருவனை மூன்றாம் நாள் வரவழைத்து ஓரமாக உட்கார வைத்து ஹாஜர் போட்டால் அந்தக் காயம் மறைந்தது. நிரந்தரத் தொழிலாளி சங்கத்திடம் ஓடுவான். கான்ட்ராக்டு ஆள் எங்கே ஓடுவான்? மறுநாள் வேலை இருக்காது. கிரானைட், ஜல்லிக் குவாரிகளின் கதை இன்னும் மோசம். ஆறு மீட்டருக்கு மேல் ஆழமில்லை, ஐம்பது பேருக்கு மேல் ஆளில்லை, வெடி வைப்பதில்லை என்றால் கல், மணல் போன்ற கனிமங்களின் திறந்த குழிகளுக்கு அந்தச் சட்டத்தின் பெரும்பகுதியிலிருந்தே விலக்கு இருந்தது. ஐம்பத்தொன்றாவது ஆளை எந்த முதலாளி ரிஜிஸ்டரில் எழுதுவான்?

மேகாலயாவின் எலி வளைச் சுரங்கங்களைப் பசுமைத் தீர்ப்பாயம் 2014இல் தடை செய்தது. 2018 டிசம்பரில் அங்கே 15 பேர் தண்ணீரில் சிக்கினார்கள். 2025 ஜனவரியில் அஸ்ஸாமின் உம்ராங்சோவில் 9 பேர். தடை காகிதத்தில் இருந்தது, குழி பூமியில் இருந்தது.

சட்டப்படி நடக்கும் பெரிய சுரங்கங்களில்? சாஸ்நாலாவை நம்மில் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 1975 டிசம்பர் 27. பழைய, கைவிட்ட சுரங்கத்தில் தேங்கியிருந்த தண்ணீர் உடைத்துக்கொண்டு பாய்ந்தது. 370 பேருக்கு மேல் மாண்டார்கள். தண்ணீர் தேங்கிய பழைய சுரங்கத்துக்கு 60 மீட்டருக்குள் நெருங்கினால் அனுமதி வாங்க வேண்டும், முன்கூட்டித் துளை போட்டுப் பார்த்துக்கொண்டே போக வேண்டும் என்று 1957ஆம் ஆண்டு விதிகளிலேயே இருந்தது. விதி இல்லாமல் யாரும் சாகவில்லை. வழக்கு என்ன ஆயிற்று? 2012இல், 36 ஆண்டு கழித்துத் தீர்ப்பு. குற்றம் சாட்டப்பட்ட நான்கு அதிகாரிகளில் இருவர் அதற்குள் காலமாகிவிட்டார்கள். மற்ற இருவருக்கு ஓராண்டு சிறை. இதற்கிடையில் அதே தண்ணீர் 1995இல் கஸ்லிடாண்டில் 64 பேரையும், 2001இல் பாக்டிகியில் 29 பேரையும் கொண்டுபோனது. 1989இல் மகாபீர் சுரங்கத்தில் சிக்கிய 71 பேரில் 65 பேர் பிழைத்தார்கள் என்றால், அதற்கு ஜஸ்வந்த் சிங் கில் என்ற இன்ஜினீயர் இரும்புக் கூண்டில் தானே இறங்கியதுதான் காரணம். ஒரு மனிதனின் துணிச்சலை நம்பியா ஓர் இலாகா நடப்பது?

2016 டிசம்பர் 29 அன்று ஜார்க்கண்டின் ராஜ்மகால் திறந்தவெளிச் சுரங்கத்தில் மண்மேடு சரிந்து 23 பேர் புதைந்தார்கள். சுரங்கம் பொதுத்துறைக்குச் சொந்தம். வேலை நடத்தியது தனியார் கான்ட்ராக்டர். இதைத் தங்கவயல்காரர்கள் இரண்டு முறை படிக்க வேண்டும். நாளை சயனைடு மேட்டில் வரப்போகிற ஏற்பாடும் இதேதான்: குவித்து வைத்த மண், அதன் அடிவாரத்தில் கான்ட்ராக்டு ஆள்.

இப்போது சட்டத்துக்கு வருவோம். 1952ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டம் உட்பட 13 சட்டங்களை ஒன்றாக்கி 2020இல் பாராளுமன்றம் ஒரு தொகுப்பு செய்தது. 2025 நவம்பர் 21 முதல் அது அமலுக்கு வந்திருக்கிறது. நல்லது எதுவும் இல்லை என்று சொல்ல மாட்டோம். பழைய சட்டத்தில், விதியை மீறி ஓர் உயிர் போனால் இரண்டாண்டு வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம். பல பத்தாண்டுகளாக ஓர் உயிரின் அபராதம் ஒரு சைக்கிள் விலை! இப்போது குறைந்தது 5 லட்சம்; அதில் பாதிக்குக் குறையாமல் குடும்பத்துக்குக் கொடுக்கச் சொல்ல நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. ஆனால் இன்ஸ்பெக்டரின் பெயரே மாறிவிட்டது. அவர் இனி 'ஆய்வாளரும் வசதி செய்து தருபவரும்'. திருடனைப் பிடிக்கப் போகிறவரை, வீட்டுக்காரருக்கு ஒத்தாசை செய்பவர் என்று யாராவது அழைப்பார்களா? உயிர்ச்சேதம் இல்லாத பல குற்றங்களுக்கு உச்ச அபராதத்தில் பாதியைக் கட்டி வழக்கே இல்லாமல் சமரசம் செய்துகொள்ளலாம். தண்ணீர் உடைவதற்கு முன் அறுபது மீட்டர் விதியை மீறுவதும் உயிர்ச்சேதம் இல்லாத குற்றம்தான் என்பதை யோசித்துப் பாருங்கள். ஆண்டுக்கொரு இலவச மருத்துவப் பரிசோதனையும் இருக்கிறது. அதுவும் வேலையில் இருப்பவருக்கு. வேலை போனவனின் நுரையீரலுக்கு இந்தத் தொகுப்பிலும் இடமில்லை.

முடியாத காரியமா இது? ராஜஸ்தானில் கல்லுடைக்கும் தொழிலாளர்கள் ஆண்டுக்கணக்கில் போராடினார்கள். 2019இல் அந்த மாநில சர்க்கார் கொள்கை வகுத்தது. சிலிகோசிஸ் என்று சான்று கிடைத்தால் 3 லட்சம், இறந்தால் குடும்பத்துக்கு 2 லட்சம். எந்த முதலாளியிடம் வேலை செய்தான் என்று காட்டும் காகிதம் இல்லாத கூலிக்கும் அது உண்டு. அங்கே பணம் போதுமா, சான்றுக்கு அலைச்சல் இல்லையா என்பதெல்லாம் இருக்கட்டும். சர்க்கார் பொறுப்பை ஒப்புக்கொண்டது. தங்கவயலுக்கு அது ஏன் ஆகாது?

ஆகவே மேட்டில் முதல் மண்வெட்டி விழுவதற்கு முன் சில காரியங்கள் நடக்க வேண்டும் என்று நம் சங்கம் கேட்கிறது. சுரங்கத்தில் வேலை செய்து உயிரோடிருக்கும் ஒவ்வொருவருக்கும் எக்ஸ்ரேயும் மூச்சுச் சோதனையும், அதைப் படிக்கத் தெரிந்த டாக்டரைக் கொண்டு, தங்கவயலிலேயே எடுக்கப்பட வேண்டும். நோய் உள்ளவர்களுக்கும் நோயால் இறந்தவர்களின் விதவைகளுக்கும் ஏலத் தொகையிலிருந்து முதல் பங்கு போக வேண்டும். தங்கத்தில் அவர்களுக்குப் பாத்தியதை இல்லையென்றால் வேறு யாருக்கு? கோடைக் காற்றில் அந்த வெள்ளைத் தூள் ஏற்கெனவே சோற்றில் விழுகிறது. மேட்டைக் கலைக்கும்போது தூசியின் அளவைத் தினமும் எடுத்து, தமிழிலும் கன்னடத்திலும் பலகையில் எழுதிப் போட வேண்டும். கான்ட்ராக்டு ஆளுக்கும் 1966 விதிகள் சொன்ன பயிற்சி கொடுக்காமல் மேட்டில் ஏற்றக் கூடாது. காயத்தின் கணக்கை மானேஜர் மட்டும் எழுதாமல் தொழிலாளர் பிரதிநிதியும் கையெழுத்திட வேண்டும்.

இதற்குப் பெயர்ப் பட்டியல் வேண்டும். சர்க்கார் எடுக்காத பட்டியலை நாமே எடுக்கத் தொடங்கியிருக்கிறோம். தங்கவயலில் வேலை செய்தவர்களோ அவர்களின் பிள்ளைகளோ, ஞாயிறு காலையில் சங்க அலுவலகத்துக்கு வரும்போது பழைய சம்பளச் சீட்டு, அடையாளச் சீட்டு, ஆஸ்பத்திரிச் சீட்டு, பழைய எக்ஸ்ரே படம் எது கிடைத்தாலும் எடுத்து வாருங்கள். எதுவும் இல்லாதவர்கள், எந்த ஷாப்டில், எந்த வருஷத்திலிருந்து எந்த வருஷம் வரை, கூட இறங்கிய இரண்டு பேர் யார் என்று எழுதிக்கொண்டு வந்தாலும் போதும்.