மாவட்டம் மட்டும் போதாது

உயர்தரப் பெறுபேறு வந்த கையோடு பிள்ளைகள் என்னிடம் வந்து கேட்பது ஒன்றைத்தான்: "சேர், இன்னொருக்கா எடுக்கட்டோ?" யாழ்ப்பாணத்தில் இணைந்த கணிதம் கற்பிக்கும் எவரும் கேட்டிருக்கக்கூடிய கேள்வி இது. மூன்று முறை பரீட்சை எழுதலாம் என்பது விதி. அந்த மூன்று முறையும் எழுதி முடிக்கையில் பிள்ளைக்கு இருபத்தொரு வயது தாண்டிவிடுகிறது. 2022ஆம் ஆண்டுக்குரிய பரீட்சை 2023 ஜனவரியில் தொடங்கியது; பெறுபேறு வர செப்டெம்பர் ஆனது. பல்கலைக்கழக அனுமதிக்கான வெட்டுப்புள்ளி அதற்கும் பிறகுதான். திருச்சியில் வாழும் என் அக்காவின் பேத்தி அதே 2023 மார்ச்சில் பிளஸ் டூ எழுதியவள். எங்கள் பிள்ளைகள் பெறுபேறு பார்த்த நாட்களில் அவள் பொறியியல் வகுப்பில் இருந்தாள்.

தமிழ்நாட்டில் பொறியியல் கல்லூரிகள் நானூறுக்கும் மேல். கணிதத்துக்கு 100, பௌதிகத்துக்கும் இரசாயனத்துக்கும் ஐம்பது ஐம்பது என 200க்குக் கட்-ஆஃப் கணக்கிட்டுக் கலந்தாய்வு நடக்கிறது. கிண்டிப் பொறியியல் கல்லூரியில் இடம் வேண்டுமானால் 200ஐ நெருங்க வேண்டும். ஆனால் வேறு பல கல்லூரிகளில் ஆண்டுதோறும் இடங்கள் நிரம்பாமலே கிடக்கின்றன. அங்கே பிள்ளையின் கவலை எந்தக் கல்லூரி என்பது. இங்கே கவலை, இடம் உண்டா இல்லையா என்பது. அதற்காக, கட்டணம் வாங்கிக்கொண்டு தரமில்லாத பட்டம் தரும் கல்லூரிகளை இங்கும் திறக்கச் சொல்லமாட்டேன். இலவசப் பல்கலைக்கழகமும் மகாபொல உதவியும் எங்கள் ஏழைப் பிள்ளைகளின் சொத்து. மருத்துவ அனுமதியிலும் நாங்கள் காக்கவேண்டியது ஒன்று உண்டு. தமிழ்நாட்டில் 2017 முதல் பள்ளிப் பரீட்சையோடு நீட் என்ற இன்னொன்றையும் தாண்ட வேண்டியிருக்கிறது. இங்கே தாய்மொழியில் எழுதும் அதே உயர்தரப் பரீட்சைதான் வைத்தியரையும் தீர்மானிக்கிறது. இதை நாங்கள் விட்டுக்கொடுக்கக் கூடாது.

என் மனதை உறுத்துவது மாவட்ட ஒதுக்கீடு. அதன் பிறப்பை யாழ்ப்பாணத்தார் மறக்கமாட்டார்கள். 1971இல் மருத்துவ அனுமதிக்குத் தமிழ்மொழி மூல மாணவருக்கு 250 புள்ளிகளும் சிங்களமொழி மூல மாணவருக்கு 229 புள்ளிகளும் வேண்டியிருந்தன. தரப்படுத்தல் என்ற அந்த அநீதி ஒரு தலைமுறையின் நம்பிக்கையை முறித்தது. மாவட்டக் கணக்கு 1974இல் அதன் தொடர்ச்சியாக வந்தது. இன்று நிலைமை வேறு. கலைத்துறை தவிர்ந்த பெரும்பாலான துறைகளில் 40 சதவீதம் அகில இலங்கைத் திறமைக்கும், 55 சதவீதம் மாவட்டங்களுக்கும், 5 சதவீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் போகிறது. முல்லைத்தீவுப் பிள்ளையும் நுவரெலியாப் பிள்ளையும் இதனால் வைத்தியராகிறார்கள். பழைய கோபத்தில் இதை ஒழிக்கச் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

ஆனால் மாவட்டம் என்பது மிகப் பெரிய அளவுகோல். நெடுந்தீவும் நல்லூரும் ஒரே யாழ் மாவட்டம். நல்லூரில் பின்னேரம் சைக்கிளில் போனால் எந்தப் பாடத்துக்கும் ரியூஷன் கிடைக்கும். நெடுந்தீவுப் பிள்ளை குறிகாட்டுவானுக்கு வருவதற்கே கடல் ஒத்துழைக்க வேண்டும். அனுமதியைத் தீர்மானிக்கும் இசட் புள்ளி பாடங்களின் கடினத்தைச் சமன் செய்கிறது. பாடசாலைகளின் வறுமையைச் சமன் செய்வதில்லை. நகரத்துப் பிள்ளையும் தீவுப் பிள்ளையும் ஒரே 55 சதவீதத்துக்குள் மோதும்போது வெல்வது பெரும்பாலும் நகரம்தான்.

இதற்கு விடை பாக்கு நீரிணைக்கு அப்பால் இருக்கிறது. தமிழ்நாடு 2020இல், ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்து நீட் தேறியவர்களுக்கு மருத்துவ இடங்களில் 7.5 சதவீதத்தை ஒதுக்கியது. அதற்கு முந்தைய ஆண்டு அரசுப் பள்ளியிலிருந்து மருத்துவம் போனவர்களை விரல்விட்டு எண்ணலாம். சட்டம் வந்த ஆண்டே அவர்களுக்குக் கிடைத்த எம்.பி.பி.எஸ். இடங்கள் மட்டும் முந்நூறைத் தாண்டின. அடுத்த ஆண்டு பொறியியலுக்கும் விரித்தார்கள். அங்கே சாதிவாரியாக 69 சதவீத ஒதுக்கீடு ஏற்கெனவே இருந்தும், பிள்ளை படித்த பள்ளியையும் பார்க்கவேண்டும் என்று கண்டார்கள்.

இங்கே பெரும்பாலான பாடசாலைகள் அரசினுடையவை என்பதால் அந்தச் சட்டத்தை அப்படியே எடுக்க முடியாது. ஆனால் கஷ்டப் பிரதேசப் பாடசாலைகள் எவை என்ற பட்டியல் கல்வித் திணைக்களங்களிடம் இருக்கிறது. ஆறாம் தரம் முதல் பதினோராம் தரம் வரை அவற்றில் படித்தவர்களுக்கு, மாவட்டப் பங்குக்குள்ளேயே ஒரு பகுதியை ஒதுக்கலாம். பதினோராம் தரத்தோடு நிறுத்தச் சொல்வதற்குக் காரணம் உண்டு. தீவிலும் தோட்டப்புறத்திலும் பல பாடசாலைகளில் உயர்தர விஞ்ஞானப் பிரிவே இல்லை. அதற்காகப் பிள்ளை நகரத்துக்கு வந்தே ஆகவேண்டும். அப்படி வந்ததற்காக அவளை நகரத்துப் பிள்ளையாகக் கணக்கெடுப்பது நியாயமல்ல.

பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு இதை மருத்துவத்திலும் பொறியியலிலும் தொடங்கட்டும். பெற்றோரும் அதிபர்களும் பாராளுமன்ற உறுப்பினர்களிடம் கேட்கவேண்டியதும் இதைத்தான்.