கழுத்தில் விழுந்த சொடுக்கு

சென்ற தை மாதத்தில் ஒரு மாலை, திருச்சுழியிலிருந்து நண்பரின் காரில் அருப்புக்கோட்டைக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். கரிசல் காட்டிலிருந்து ஓர் ஆட்டு மந்தை சாலையில் ஏறவே, நண்பர் வண்டியை நிறுத்தினார். பின்னால் வந்த வேன் நிற்கவில்லை! வண்டிக்குச் சேதம், நமக்கோ கீறல்கூட இல்லை. ஆண்டவன் புண்ணியம் என்று வீடு சேர்ந்து நிம்மதியாய்த் தூங்கினோம். மறுநாள் காலையில் கழுத்து திரும்ப மறுத்துவிட்டது.

மேல்நாட்டு வைத்தியர்கள் இதற்கு இட்ட பெயர் 'விப்லாஷ்'. அதாவது சாட்டைச் சொடுக்கு. பின்னாலிருந்து மோதும்போது ஆசனம் உடம்பை முன்னே தள்ளுகிறது. சுமார் ஐந்து கிலோ கனமுள்ள தலையோ ஒரு கணம் பின்தங்கி, பிறகு முன்னே பாய்கிறது. சொடுக்கிய சாட்டையின் நுனி படும் பாட்டைக் கழுத்துத் தசைகளும் தசைநார்களும் படுகின்றன. வலி சில மணி நேரம் கழித்தோ மறுநாளோ தலைகாட்டுவதும் உண்டு.

"வாத்தியார் ஐயா, தலையைப் பிடித்து ஒரு சொடுக்கு எடுத்தால் சரியாய்ப் போகும்" என்றார் அண்டை வீட்டுப் பெரியவர். சொடுக்கினால் வந்த நோயைச் சொடுக்கினாலேயே போக்குவதா? நல்ல வேளையாக நாம் இணங்கவில்லை. ஆனால் நாம் செய்த காரியமும் புத்திசாலித்தனமானதன்று. கடையில் ஒரு கழுத்துப் பட்டை வாங்கி, மூன்று வாரம் இரவும் பகலும் கட்டிக்கொண்டோம். கழுத்து மரக்கட்டையாகிவிட்டது. கரும்பலகையில் எழுதும்போது வகுப்பைத் திரும்பிப் பார்க்க முடியவில்லை. பையன்களுக்குக் கொண்டாட்டம்!

பிறகு பார்த்த வைத்தியர், பரிசோதித்துவிட்டு முதலில் பட்டையைக் கழற்றினார். எலும்பு முறியாத கழுத்துக்கு நீண்ட ஓய்வு உதவாது. அசைவே மருந்து என்றார். கனடாவின் குவிபெக் நிபுணர் குழு 1995-லேயே இதை வற்புறுத்தியிருக்கிறது. வலி பொறுக்கும் அளவுக்கு இடமும் வலமும் மெதுவாய்த் திருப்புவது, குனிந்து நிமிர்வது, தோள்களைச் சுழற்றுவது என்று நாளைக்குப் பலமுறை செய்தோம். உப்பு ஒத்தடமும் வைத்தியர் தந்த மாத்திரையும் துணை நின்றன. இரண்டு மாதத்தில் கழுத்து நம் வசப்பட்டது. பெரும்பாலோர் இவ்வாறே சில மாதங்களில் தேறுகிறார்கள். சிலருக்கே வலி நீடிக்கிறது.

ஆனால் ஒரு முக்கியமான எச்சரிக்கை. விபத்துக்குப் பின் கைகால் மரத்தல், பலங்குன்றல், நடுக்கழுத்து எலும்பைத் தொட்டால் வலித்தல், நினைவு தப்புதல், ஓயாத வாந்தி, சிறுநீரை அடக்க இயலாமை ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தாலும் கழுத்தை அசைக்கலாகாது. தூக்கி உட்கார வைக்காமல், படுத்தபடியே இருக்கச் செய்து 108-ஐ அழைக்க வேண்டும். 65 வயதைத் தாண்டியவர்களுக்கு இந்த அறிகுறிகள் இல்லாவிட்டாலும் பரிசோதனை அவசியம். செலவை எண்ணித் தயங்க வேண்டாம். 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டப்படி, அதில் சேர்ந்த ஆஸ்பத்திரிகளில் விபத்தின் முதல் 48 மணி நேரச் சிகிச்சை, குறித்த வரம்புக்குள், இலவசம்.

கார் ஆசனத்தின் மேல் ஒரு தலைதாங்கி உண்டல்லவா? அது அலங்காரத்துக்காக வைத்ததன்று. உச்சந்தலை மட்டத்துக்கு உயர்ந்து, பின்தலையை ஒட்டி இருக்க வேண்டும். அன்று நண்பரின் வண்டியில் அது கழுத்தளவிலேயே கிடந்தது. இப்போதெல்லாம் எவர் காரில் ஏறினாலும், முதலில் அதை உயர்த்திய பிறகே நாம் க்ஷேமம் விசாரிக்கிறோம்.