இருந்த இடத்திலேயே வீடு கட்டித் தாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்னையின் ஆற்றங்கரைக் குடியிருப்புகளை இடித்து, அங்கிருப்பவர்களைப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பும் செய்தியைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது. அடையாற்றங்கரையிலிருந்து கண்ணகி நகருக்கு அப்படி அனுப்பப்பட்ட குடும்பம் எங்களுடையது.

கண்ணகி நகர் 2000-ஆம் ஆண்டில் உருவானது. 15,000-க்கும் மேற்பட்ட வீடுகள். முதலில் கட்டியவை 200 சதுர அடிகூட இல்லை. பிறகு செம்மஞ்சேரி, அதற்குப் பிறகு எட்டு அடுக்குக் கட்டடங்களோடு பெரும்பாக்கம். எல்லாமே நகரின் நடுப்பகுதியிலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டர், அதற்கும் மேல்.

என் அம்மா மந்தைவெளியில் நான்கு வீடுகளில் வேலை செய்தார். நடந்தே போவார், நடுவில் வந்து எங்களுக்குச் சோறு போட்டுவிட்டுத் திரும்பவும் போவார். இங்கு வந்தபின் விடிகாலை 5 மணிக்கு பஸ் பிடித்தும் நேரத்துக்குப் போய்ச்சேர முடியவில்லை. ஆறே மாதத்தில் மூன்று வீட்டு வேலை போயிற்று. பள்ளி ஆண்டின் நடுவில் கிளப்பியதால் எட்டாம் வகுப்போடு என் படிப்பும் நின்றது. இப்போது பெண்களுக்கு பஸ் இலவசம், பெரிய உதவிதான். ஆனால் போய்வருவதில் கரையும் மூன்று மணி நேரம் அப்படியேதான் இருக்கிறது.

வெள்ளத்திலிருந்து காப்பாற்றத்தான் அனுப்புகிறோம் என்கிறார்கள். 2015 வெள்ளத்துக்குப் பிறகு கூவம், அடையாறு கரைகளிலிருந்து ஆயிரக்கணக்கான குடும்பங்களைக் கொண்டுபோய் இறக்கிய பெரும்பாக்கம் இருப்பது பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்குப் பக்கத்தில். செம்மஞ்சேரியிலோ, பெருமழை என்றால் தெருவிலேயே தண்ணீர் நிற்கிறது.

1970-இல் தொடங்கிய குடிசை மாற்று வாரியம், ஆரம்ப ஆண்டுகளில் குடிசை இருந்த இடத்திலேயே மாடி வீடுகள் கட்டித் தந்தது. அதனால் மீனவர்கள் கடலோரத்திலேயே இருந்தார்கள். 2021-இல் வாரியத்தின் பெயரில் 'வாழ்விட மேம்பாடு' என்ற சொற்கள் சேர்ந்தன. வேலையும் பள்ளியும் ஆஸ்பத்திரியும் எட்டும் தூரத்தில் இருந்தால்தான் அது வாழ்விடம்.

ஆகவே அரசைக் கேட்டுக்கொள்கிறேன்: கரையோர மக்களுக்கு இருந்த இடத்திலேயே வீடு கட்டித் தாருங்கள். அகற்றியே தீர வேண்டிய இடமென்றால், மூன்று கிலோமீட்டருக்குள் மாற்று வீடு தயாரான பிறகு அகற்றுங்கள். பிள்ளைகளின் முழுஆண்டுத் தேர்வு முடியும்வரை ஒரு குடிசைமேலும் கை வைக்காதீர்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கண்ணகி நகர், சென்னை.