முதலில் விற்றது எழுத்தே!

ஒரு துறையின் தொடக்கத்தை ஆராய்வார் முதற்கண் அதன் பெயரை வரையறுத்துக்கொள்ளல் வேண்டும். அஃதின்றிக் ‘கணிப்பொறி விளையாட்டு வணிகம் 1972-இன் பாங் ஆட்டத்தொடு தோன்றிற்று’ என எழுதுவார் பலர். அது பிழை.

1962-இல் அமெரிக்காவின் மாசச்சூசெட்சுத் தொழில்நுட்பக் கழகத்தில் உருவான ‘சுபேசுவார்’ கணிப்பொறி விளையாட்டே. ஆயினும் அது விலைக்கு வரவில்லை. 1971-இல் வந்த ‘கம்ப்யூட்டர் சுபேசு’, அடுத்த ஆண்டின் ‘பாங்’ ஆகியவை காசிட்டு ஆடும் பெட்டிகள். நிரலால் அன்றி, மின்சுற்றுகளால் இயங்கியவை. பெட்டி வேறு, நிரல் வேறு. தனியொருவர் தம் வீட்டில் வைத்துள்ள கணிப்பொறிக்கென விற்கப்பட்ட நிரலையே நாம் தேடுகின்றோமாயின், இவை யாவும் கணக்கில் சேரா.

அவ் வரையறைக்குள் முன்னிற்பது, கனடாவின் தொராண்டோ நகரத்துப் பீட்டர் செனிங்சு ஆக்கிய ‘மைக்ரோசெசு’. நாற்படையாட்டமாகிய சதுரங்கத்தைக் ‘கிம்-1’ என்னும் சிறு கணிப்பொறியில் ஆடுதற்கான நிரல் அது. அப்பொறிக்குத் திரை இல்லை. ஆறு எண்கள் ஒளிரும் சிறு காட்டியும் சில பொத்தான்களுமே உண்டு. நினைவகமோ ஏறத்தாழ ஆயிரம் பைட்டு. அதற்குள் 924 பைட்டில் ஆட்டத்தை அடக்கினார் செனிங்சு. கோட்டை கட்டும் நகர்த்தலுக்கும் அதில் இடமில்லை. ஆயினும் பொறி எதிர்நின்று ஆடிற்று!

1976 திசம்பரில் அவர் விற்றது பெட்டியன்று, நாடாவுமன்று, அச்சிட்ட தாள். விலை 10 தாலர். வாங்கியவர் அத்தாளிலிருந்த குறியீடுகளை ஒவ்வொன்றாகத் தம் கையாலேயே பொறிக்குள் இட்டனர். ஆக, முதலில் விலைபோனது எழுத்தே என்க.

கிம்-1-ஐச் செய்த நிறுவனத்தின் சக் பெடல், முழு உரிமையையும் 1,000 தாலருக்குக் கேட்டார். செனிங்சு மறுத்தார். பின்னர் வேறு பொறிகளுக்கும் மாற்றப்பட்ட அவ்வாட்டம் 50,000 படிகளை எட்டிற்று. அதன் வருவாய், 1979-இல் அலுவலக உலகையே மாற்றிய ‘விசிகால்க்’ கணக்கீட்டு நிரல் வெளிவரவும் துணைநின்றது. விளையாட்டுத்தானே என்று எள்ளுவார் இதனை எண்ணிப் பார்க்க!

பெட்டி செய்த பெருநிறுவனத்திற்கே முதன்மை தரும் வரலாறு, ஆக்கியோனை மறைக்கும் வரலாறு. தாளில் அச்சானமையால் செனிங்சின் நிரல் இன்றும் வரிவரியாகப் படிக்கக் கிடைக்கின்றது. அதன் பின் வந்தவை பலவும் காந்த நாடாக்களில் பதிந்தவை. நாடாவோ நாளடைவில் நலிந்தழிவது. நிரலும் ஓர் எழுத்தாக்கமே; எனவே, நூலைக் காக்கும் நூலகங்கள் நிரலையும் காத்தல் கடன். சான்று அழிந்தபின் ‘முதல்’ என்பது, உரக்கக் கூவுவார் கைப்பொருளாகிவிடும்!