ஆயிரம் வண்டியும் ஓர் ஆணியும்

ஸ்ரீபெரும்புதூர் என்ற பெயரைக் கேட்டதும் நம் முன்னோர்களுக்கு ஸ்ரீ ராமாநுஜர் அவதரித்த ஸ்தலம் என்ற நினைவுதான் வரும். இக்காலத்துப் பிள்ளைகளைக் கேட்டால், "மோட்டார் செய்கிற ஊர்" என்று சொல்வார்கள். இரண்டும் உண்மையே. பக்கத்திலுள்ள இருங்காட்டுக்கோட்டையில் 1998-ஆம் ஆண்டில் ஹூண்டாய் கம்பெனியாரின் வண்டி வெளிவந்தது. பிறகு ஒரகடத்தில் ரெனோ-நிஸான் தொழிற்சாலை 2010-லும், டைம்லர் லாரித் தொழிற்சாலை 2012-லும், ராயல் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள் தொழிற்சாலை 2013-லும் தொடங்கின. ஏரியும் வயலுமாக இருந்த பூமியில் இன்று புது வண்டிகளைச் சுமந்துகொண்டு நீண்ட நீண்ட லாரிகள் வரிசையாகப் போகின்றன.

இவ்வளவு பெருமை வாய்ந்த பிரதேசத்தில் ஒரு சிறு சோதனை செய்து பார்க்கலாம். நேயர் ஒருவரிடம் பாட்டனார் காலத்து ஆஸ்டின் செவன் வண்டி ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். "பேபி ஆஸ்டின்" என்று செல்லமாக அழைக்கப்பட்ட இந்தச் சிறிய வண்டி இங்கிலாந்தில் 1922 முதல் 1939 வரையில் சுமார் 2,90,000 செய்யப்பட்டது. கோழிக் கூண்டுக்குப் பக்கத்தில் பல வருஷம் படுத்திருந்த அந்த வண்டியை மறுபடியும் ஓட வைக்க வேண்டுமென்று அவருக்கு ஆசை. முதற்படியாக ஒரே ஒரு மரையாணி தேவைப்படுகிறது. ஆயிரமாயிரம் வண்டி பிறக்கும் ஒரகடத்தில் அந்த ஓர் ஆணி கிடைக்குமா?

கிடைக்காது. காரணம் எளியது. விட்வொர்த் என்ற ஆங்கிலேயர் 1841-ஆம் ஆண்டில் ஆணிகளின் மரைக்கு ஓர் ஒழுங்கு வகுத்தார். மரையின் பள்ளம் 55 பாகைக் கோணத்தில் இருக்கவேண்டும். அளவெல்லாம் அங்குலக் கணக்கு. அக்காலத்து இங்கிலீஷ் வண்டிகள் இந்த வழியைப் பின்பற்றின. இன்று நம் தொழிற்சாலைகளில் வழங்குவது 60 பாகை மரை; அளவு மில்லிமீட்டர். சில இடங்களில் புது ஆணி பழைய துளையில் கிட்டத்தட்டப் பொருந்தும். அந்தக் "கிட்டத்தட்ட"தான் பெரிய சத்துரு. அவசரக்காரர் பலங்கொண்ட மட்டும் முறுக்கி உள்ளே செலுத்திவிடுவார். எண்பது வருஷம் தாங்கிய மரை ஒரு நிமிஷத்தில் நாசமாகிவிடும்.

மாரிஸ் வண்டியின் சமாசாரம் இன்னும் வேடிக்கை. அதன் இன்ஜின்களைச் செய்துவந்த ஹாட்ச்கிஸ் என்ற தொழிற்சாலை பிரெஞ்சுக் கம்பெனியாருடையது. அங்கிருந்த யந்திரங்களும் பிரெஞ்சு அளவுக்கு ஏற்பட்டவை. தொழிற்சாலையை மாரிஸ் 1923-இல் வாங்கிக்கொண்ட பிறகும் அந்த வழக்கம் மாறவில்லை. ஆகவே அந்த இன்ஜின்களின் ஆணிக்கு உடம்பு பிரெஞ்சு, தலை இங்கிலீஷ். இங்கிலீஷ் சாவியைப் போட்டுக் கழற்றிவிட்டு, இங்கிலீஷ் மரைதானே என்று வேறோர் ஆணியைத் தேடுகிறவர் ஏமாந்து போவார். பழைய வண்டியைத் தொடுமுன் மரையளக்கும் தகடு ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும் என்பதே முதற் பாடம். இரண்டாவது பாடம், கழற்றிய எதையும் தூர எறியாதிருப்பது. உடைந்த பாகத்துக்கு விலை இல்லாமலிருக்கலாம். ஆனால் அதைவிட நல்ல வரைபடம் வேறு கிடைக்காது.

பாகங்களை எங்கே தேடுவது? சென்னைவாசிகளுக்குப் புதுப்பேட்டையைச் சொல்லத் தேவையில்லை. கழித்துப் போட்ட வண்டிகளை அக்கு வேறு ஆணி வேறாகப் பிரித்து விற்கும் சந்து பொந்துகள் அங்கே உண்டு. ஜெனரல் பாட்டர்ஸ் ரோட்டிலும் உதிரிச் சாமான் கடைகள் நிறைந்திருக்கின்றன. ஆஸ்டின் செவன் போல் ஏராளமாக விற்ற வண்டியானால், சீமையில் அதற்கென்றே சங்கங்களும், பாகங்களைப் புதிதாகச் செய்து தபாலில் அனுப்பும் சிறு கடைகளும் இருக்கின்றன. ஆனால் அபூர்வமான வண்டிக்கு இந்த வழி எதுவும் பயன்படாது. வேண்டியதை இங்கேயே செய்துகொள்ள வேண்டியதுதான். இங்கேதான் விஷயம் சுவாரஸ்யமாகிறது.

கதவின் கைப்பிடி ஒன்றை எடுத்துக்கொள்வோம். யுத்தத்துக்கு முந்திய வண்டிகளில் இவை பெரும்பாலும் துத்தநாகக் கலவையில் வார்க்கப்பட்டவை. அக்காலத்துக் கலவையில் ஈயம் சிறிதளவு கலந்துவிட்டிருந்தால், வருஷங்கள் செல்லச் செல்ல அந்த உலோகம் தானாகவே உப்பி, வெடித்து, பொருபொருவென்று உதிரும். இதைப் பற்றவைத்து ஒட்ட முடியாது. பித்தளையில் புதிதாக வார்ப்பதே வழி. ஆனால் பழைய பிடியையே மணலில் பதித்து வார்த்தால் வருவது சற்றுச் சிறியதாயிருக்கும். உருகிய பித்தளை ஆறும்போது 100 மில்லிமீட்டருக்குச் சுமார் ஒன்றரை மில்லிமீட்டர் சுருங்கும். ஆகையால் மாதிரி அச்சை அந்த அளவுக்குப் பெரிதாகச் செய்ய வேண்டும். பழைய பிடி உப்பியிருந்தால் அந்தக் கணக்கையும் கழிக்க வேண்டும். நுணுக்கமான பாகமானால் மெழுகில் உருச் செய்து, மேலே மண் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி வார்க்கலாம். சுவாமிமலை ஸ்தபதிகள் விக்கிரகம் வார்க்கும் முறையும் இதுவே.

இன்ஜினுக்குள்ளே போனால் வேறொரு கலை காத்திருக்கிறது. இக்காலத்து வண்டியில் பேரிங் தேய்ந்தால் மெல்லிய ஓட்டைக் கழற்றிவிட்டுப் புதிது போட்டுவிடலாம். அக்காலத்து வண்டிகள் பலவற்றில் வெள்ளீயமும் ஆன்டிமனியும் செம்பும் சேர்ந்த "ஒயிட் மெட்டல்" என்னும் மெதுவான கலவையை உருக்கி, உரிய இடத்திலேயே ஊற்றினார்கள். ஊற்றியதைக் கடைந்து, தண்டின் மேல் நீல மசி பூசி, பொருத்திச் சுழற்றிப் பார்ப்பார்கள். மசி ஒட்டிய மேடுகளை மாத்திரம் கைச்சுரண்டியால் சீவுவார்கள். மறுபடி மசி, மறுபடி சீவல். மசி எங்கும் சமமாக ஒட்டும் வரையில் இது நடக்கும். அந்தச் சீவலைப் புஸ்தகத்தில் படித்துக் கற்க முடியாது. கைதேர்ந்த மெக்கானிக்கின் பக்கத்தில் நின்று, அவர் கையைப் பார்த்தே கற்க வேண்டும். அத்தகைய கைகள் வருஷத்துக்கு வருஷம் குறைந்து வருகின்றன.

வண்டியின் உடலும் அப்படியே. அந்நாளைய வண்டிகள் பலவற்றில் தகட்டுக்கு அடியில் மரச்சட்டம் உண்டு. சீமையில் ஆஷ் மரம். இங்கே பழுது பார்ப்பவர்கள் தேக்கை உபயோகிப்பது வழக்கம். ஆகவே தச்சரும் டிங்கர் வேலைக்காரரும் கூடிச் செய்ய வேண்டிய வேலை. சென்னைக்கு இது புதிதன்று. 1840-இல் ஏற்பட்ட ஸிம்ப்ஸன் கம்பெனி ஆதியில் குதிரை வண்டி செய்த கம்பெனிதான். அதைச் சேர்ந்த ஸாமுவேல் ஜான் கிரீன் என்பவர் 1903-இல் சென்னையிலேயே ஒரு நீராவி மோட்டார் வண்டியைச் செய்து ஓட்டிக் காட்டினார். அப்போது மாதிரிப் படமும் உதிரிக் கடையும் கையருகில் இல்லை. பட்டறையும் கைத்திறனும் இருந்தன.

பழைய வண்டியை ஓட்டத் துணிகிறவர்களுக்கு மூன்று எச்சரிக்கைகள் சொல்ல வேண்டும். ஆஸ்டின் செவனுக்கு 19 அங்குலச் சக்கரம்; மோட்டார் சைக்கிளுக்கும் 19 அங்குல டயர் கிடைக்கிறதே என்று அதை மாட்டிவிடுகிற யோசனை சிலருக்குத் தோன்றும். மோட்டார் சைக்கிள் திரும்பும்போது சாய்கிறது. அதற்காகவே அதன் டயர் உருண்டையாக இருக்கிறது. வண்டியோ சாயாமல் திரும்பி டயரைப் பக்கவாட்டில் தள்ளுகிறது. ஒன்றுக்குச் செய்ததை மற்றொன்றுக்கு மாட்டுவது உயிரோடு விளையாடுவதாகும். இரண்டாவது, பழைய பிரேக்கிலும் கிளச்சிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். அந்தத் தூசியை ஊதித் துடைக்கக் கூடாது. ஈரத்துணியால் ஒற்றி எடுக்க வேண்டும்.

மூன்றாவது, பெட்ரோல். 2025-ஆம் ஆண்டில் நம் நாட்டுப் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால், அதாவது சாராயம், கலக்கும் நிலை வந்துவிட்டது. பழைய வண்டிகள் சிலவற்றில் பெட்ரோல் அளவைக் காட்டும் மிதவை தக்கையால் ஆனது. அதன்மேல் அரக்குப் பூச்சு. அரக்கைச் சாராயத்தில் கரைத்துத்தானே நம் தச்சர்கள் மேஜைக்கு மெருகு போடுகிறார்கள்! அந்த ரஸவாதம் இப்போது டாங்கிக்குள்ளே நடக்கிறது. பூச்சு கரைந்து குழாயை அடைக்கும். தக்கை பெட்ரோலைக் குடித்து மூழ்கும். பித்தளை மிதவையும், எத்தனால் தாங்கும் ரப்பர்க் குழாயும் போட்டுவிட்டால் கவலையில்லை. வண்டியை வெகு நாள் நிறுத்தி வைப்பதானால் டாங்கியைக் காலி செய்துவிட வேண்டும்.

சட்டமும் இந்த வண்டிகளைக் கவனித்திருக்கிறது. 2021-ஆம் ஆண்டு ஜூலையில் மத்திய அரசாங்கம் செய்த விதியின்படி, ஐம்பது வயது கடந்த வண்டிகளுக்கு "வி.ஏ." என்ற எழுத்துக்களுடன் தனிப் பதிவு உண்டு. புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். பத்து வருஷம் செல்லும். ஆனால் வண்டி அசல் உருவத்தில் இருக்க வேண்டும். சட்டத்தையோ இன்ஜினையோ பெரிதாக மாற்றியிருக்கக் கூடாது. புது இன்ஜினைப் பொருத்தி ஓட்டிவிடலாம் என்ற சுலபமான குறுக்கு வழி இவ்வாறு அடைபடுகிறது. பழைய பாகத்தைப் பழையபடியே செய்யத் தெரிந்தவர்கள் நமக்கு வேண்டும்.

"இது பணக்காரர்களின் பொழுதுபோக்கு, நமக்கென்ன?" என்று சில நேயர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். வண்டலூர்ப் பக்கம் ஸ்டாண்டர்டு வண்டிகள் செய்த தொழிற்சாலை 1980-களின் இறுதியில் ஓய்ந்தது. மறைமலை நகரில் ஃபோர்டு கம்பெனியின் வண்டி உற்பத்தி 2022-இல் நின்றது. தொழிற்சாலை நிற்கும், வாங்கியவருடைய வண்டி நிற்காது. இன்று பளபளவென்று ஒரகடத்திலிருந்து புறப்படும் வண்டிக்கும் ஒரு நாள் பாகம் கிடைக்காமற் போகும். மிராசுதாரின் மோட்டாருக்கு மாத்திரமல்ல, ஏழைக் குடியானவரின் பம்பு செட்டுக்கும், தையற்காரரின் யந்திரத்துக்கும் இதே கதிதான். அப்போது அளந்து, வார்த்து, கடைந்து, சீவிப் பொருத்தத் தெரிந்தவர் ஊரில் இருந்தால் பிழைப்பு நடக்கும். இல்லாவிட்டால் பழைய இரும்பு விலைக்குப் போட வேண்டியதுதான்.

இந்தப் பிரதேசத்தில் கருவிகளுக்குப் பஞ்சமில்லை. பெரிய தொழிற்சாலைகளைச் சுற்றியுள்ள சிறு பட்டறைகளில் கடைசல் யந்திரமும், வார்ப்பு உலையும், மயிரிழை அளவையும் கண்டுபிடிக்கும் கருவிகளும் இருக்கின்றன. பத்தாயிரம் பாகத்துக்கு ஆர்டர் கொடுத்தால் ஏற்றுக்கொள்வார்கள். ஒன்றே ஒன்று வேண்டுமென்றால் கட்டுப்படியாகாது என்கிறார்கள். அதுவும் நியாயமே, அவர்களுக்கும் சம்பளம் கொடுக்க வேண்டும்.

ஆகையால் இந்த வேலையைப் பள்ளிக்கூடத்தில் தொடங்குவதே நலம் என்பது நமது அபிப்பிராயம். குரோம்பேட்டையில் ஸ்ரீ ஸி. ராஜம் அவர்கள் 1949-இல் தொழில்நுட்பக் கல்லூரியை ஸ்தாபித்தபோதே மோட்டார்ப் பொறியியலை ஒரு பாடமாக வைத்தார். இன்று ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்துத் தொழிற்பயிற்சி மாணவர்கள் புது வண்டியைப் பூட்டக் கற்கிறார்கள். அவர்களுடைய ஒவ்வொரு நிலையத்துக்கும் ஓடாத பழைய வண்டி ஒன்றைக் கொடுக்கட்டும். வாரத்தில் ஒரு பிற்பகல், வயதான மெக்கானிக் ஒருவரைத் தக்க சன்மானம் கொடுத்து அழைத்து வரட்டும். பக்கத்துப் பட்டறைக்காரர்கள் யந்திரம் ஓயும் வேளையில் ஒரு மணி நேரம் இடம் தரட்டும். கோயம்புத்தூரில் ஸ்ரீ ஜி. டி. நாயுடுவின் பெயர் விளங்கும் ஜீடீ மோட்டார் காட்சிசாலை 2015 முதல் திறந்திருக்கிறது. முடிந்த வேலை எப்படி இருக்கும் என்பதை மாணவர்கள் அங்கே சென்று கண்ணாரக் காணலாம்.

செலவு அதிகமில்லை. காத்திருக்கத்தான் நேரமில்லை. கை நடுங்கத் தொடங்கிய மெக்கானிக்குகளிடம் அடுத்த தலைமுறை போய் நிற்க வேண்டிய வருஷம் இதுதான். 55 பாகை மரையில் ஓர் ஆணியைக் கடைந்து, தன் கையாலேயே அதைப் பொருத்திப் பார்த்த மாணவன், ஒரகடத்தில் எந்தத் தொழிற்சாலைக்குள் நுழைந்தாலும் நல்ல வேலைக்காரனாகவே இருப்பான்.