ஐம்பத்தேழு நாளுக்கு ஒரு வரி

செஞ்சி என்றாலே தேசிங்கு ராஜன்தான். 1714இல் ஆற்காடு நவாப் சாதத்துல்லா கானை எதிர்த்துப் போரிட்டு இளம் வயதில் இறந்தவர். ஆண்டது சில மாதங்களே. பல்லாண்டு ஆண்டவர்கள் எல்லாம் வரலாற்றுப் புத்தகத்தோடு நின்றுவிட, தேசிங்கும் தோழன் மகபத் கானும் நீலவேணிக் குதிரையும் முந்நூறு ஆண்டுகளாக மக்கள் வாயில் வாழ்கிறார்கள். கதைப்பாட்டாகப் பாடினார்கள், கூத்தாக ஆடினார்கள், சினிமாவாகவும் எடுத்தார்கள்.

பாட்டு கட்ட ஆளில்லாதவர்கள் என்ன ஆவார்கள்? அதற்கும் செஞ்சியிலேயே விடை இருக்கிறது.

ஊருக்கு வடக்கே, சிங்கவரம் போகும் வழியில் திருநாதர்குன்று. உச்சியில் ஒரு பெரும்பாறை. அதன் முகத்தில் சமணத் தீர்த்தங்கரர்கள் இருபத்துநால்வரும், வரிசைக்குப் பன்னிருவராக இரண்டு வரிசையில் அமர்ந்திருக்கிறார்கள். அதே குன்றில், தமிழியிலிருந்து வட்டெழுத்து உருவாகிக்கொண்டிருந்த காலத்து எழுத்தில் ஒரு சிறிய கல்வெட்டு. சந்திரநந்தி என்ற சமண ஆசிரியர் ஐம்பத்தேழு நாள் உண்ணாநோன்பிருந்து உயிர் நீத்த இடம் இது என்கிறது. அவ்வளவுதான். ஊர் இல்லை, குலம் இல்லை, அரசன் பெயர் இல்லை. ‘ஐ’ எழுத்தின் மிகப் பழைய வடிவங்களில் ஒன்று, அந்த ‘ஐம்பத்தேழு’ என்ற எண்ணில்தான் நிற்கிறது.

வெட்டியவர் யாரென்று கல்வெட்டு சொல்லவில்லை. ஆனால் யாரோ ஒருவர் நாளை எண்ணிக்கொண்டே உடனிருந்திருக்கிறார். ‘பல நாள்’ என்று எழுதிவிட்டுப் போயிருக்கலாம். எழுதவில்லை, ஐம்பத்தேழு என்று கணக்காகப் பதித்தார். ஒரு மனிதரை மறக்கக் கூடாது என்று உள்ளபடியே நினைப்பவர் செய்கிற காரியம் அது. சுமார் ஆயிரத்து ஐந்நூறு ஆண்டு கழித்தும் சந்திரநந்தியை நாம் அறிவது அந்த அக்கறையால்தான்.

இந்த வட்டாரத்துக்கே அந்தக் குணம் உண்டு போலும். திருவண்ணாமலைப் பக்கம் எடுத்தனூர் நடுகல்லில், எசமானன் கருந்தேவக்கத்தியோடு அவருடைய நாய் கோவிவனும் நிற்கிறது. கள்ளர் இருவரைக் கடித்துவிட்டுக் காவல் நின்ற செய்தி பெயரோடு பொறிக்கப்பட்டிருக்கிறது. நாயின் பெயரையும் விட்டுவிடக் கூடாது என்று நினைத்தவர்கள் நம் முன்னோர்.

நினைவு தானாக நிலைப்பதில்லை. ஒருவர் பதிக்க வேண்டும், இன்னொருவர் படித்துச் சொல்ல வேண்டும். இதில் எது நின்றுபோனாலும் மறதி வந்து உட்கார்ந்துகொள்ளும். தேசிங்கைச் சொல்ல ஆள் இருந்தார்கள். சந்திரநந்தியைச் சொல்லப் போதிய ஆள் இல்லை.

2025 ஜூலையில் மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. மகாராஷ்டிரத்துக்கு வெளியே அதில் இடம்பெற்ற ஒரே கோட்டை செஞ்சிதான். நமக்கெல்லாம் பெருமை. இனி கூட்டமும் வரும். பிள்ளைகளைச் சுற்றுலா அழைத்து வரும் ஆசிரியர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான்: கோட்டையின் ராஜகிரி மலை ஏறி இறங்கியதும் பேருந்தைத் திருப்பிவிடாதீர்கள். திருநாதர்குன்றுக்கும் கூட்டிப்போங்கள். அந்தக் கல்வெட்டு சொல்வதை அங்கேயே விளக்கி, சந்திரநந்தி என்ற பெயரைப் பிள்ளைகளைச் சத்தமாகச் சொல்ல வையுங்கள்.